நாலு டிகிரி

"போட்டோவுல இருந்து ஒரு ஆளை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது ஆளைப் பொறுத்தது, அண்ணாச்சி."

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொம்பையா அண்ணனின் டீக்கடை. இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் டிடிபி சென்டர். தடுப்பு மெல்லியது. டீ ஆற்றுகிற சத்தத்தை வைத்தே அது ஸ்ட்ராங்கா லைட்டா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அன்று அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்டபோது என் கை நின்றுவிட்டது.

அப்போது ஒரு தீப்பெட்டி லேபிள் செய்துகொண்டிருந்தேன். இருபத்துநாலு குச்சிகள் சூரியக் கதிர் மாதிரி வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் பதினைந்து டிகிரி திருப்பம். ஒரு குச்சி அரை டிகிரி பிசகினாலும் சூரியன் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். கோவில்பட்டியில் லேபிள் வேலைக்குப் பஞ்சமில்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. குச்சிகளோடு பேச வேண்டியதில்லை.

டீயைக் குடித்து முடித்த குரல் உள்ளே வந்தது. உயரமான ஆள். ஐம்பது தாண்டியிருக்கும். வலது தோள் இடது தோளைவிட ஒரு அங்குலம் தணிந்திருந்தது. கக்கத்தில் ஒரு பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது ரசமட்டம். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கட்டைக்கு நடுவே கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம்.

"பாப்பா, நீதான் கம்ப்யூட்டரா?"

தலையாட்டினேன்.

"எம் பேரு மாடக்கண்ணு. ஊரு எப்போதும்வென்றான். இங்கன தீப்பெட்டி ஆபீஸ் குடோன் கட்டுதேன். குடும்பப் படம் ஒண்ணு இருக்கு. நாலு பேரு. மூணு பேராக்கணும்."

"யாரை…"

"படத்தைப் பாத்தாலே தெரியும். சிரிச்சிக்கிட்டு நிக்கும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மகள் போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு ஆட்கள். புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறான். அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார். ஒன்று, அவள் பெயரை வாயால் சொல்வதில்லை. இரண்டு, புதியம்புத்தூர் மண்ணை மிதிப்பதில்லை. மூன்று, அந்த ஊர்ச் சட்டையைப் போடுவதில்லை.

"அந்த ஊருச் சட்டை மேல பட்டாலே எரியும் பாப்பா, சுண்ணாம்பு மாதிரி."

இப்போது மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறது. நாகலாபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். சுவரில் குடும்பப் படம் இருக்க வேண்டும். படத்தில் மகள் இருக்கக் கூடாது.

"மத்தியானம் வீட்டுக்காரி படத்தைக் கொண்டாருவா. நா அதைத் தொட மாட்டேன். புதன்கிழமை வந்து பாப்பேன். எடுத்த எடம் தெரியக் கூடாது. பூசுனா பூசுனது தெரியாமப் பூசணும். கோணல் இருக்கவே கூடாது."

போகும்போது சுவரில் இருந்த காலண்டரை ஒரு விரலால் நேராக்கிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவர் மனைவி பெருமாயி வந்தார். குட்டையான உருவம். மஞ்சள் பைக்குள் பழைய சேலை, சேலைக்குள் படம். ஒரு வருஷமாகப் பரணில் குப்புறக் கிடந்த படம். சேலையைப் பிரித்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, என் மேஜையில் வைத்தார். துடைத்ததும் நடுவில் ஒரு பெண் சிரித்தாள்.

"இதான் ஆவுடைத்தாய். எம் மாமியா பேரு. புது வீடு பால் காச்சுன மறுநா எடுத்தது."

அப்பாவும் அம்மாவும் நாற்காலிகளில். பின்னால் நடுவே மகள். அவளுக்கு வலப்பக்கம் தம்பி. ஓரத்தில் ஸ்டுடியோக்காரர்கள் திரையில் வரைந்த அரண்மனைத் தூண். மாடக்கண்ணு அண்ணாச்சி அந்தத் தூணைவிட நேராக உட்கார்ந்திருந்தார். அம்மா மட்டும் லேசாக மகள் பக்கம் சாய்ந்திருந்தார். மகளின் ஒரு கை அப்பாவின் நாற்காலி முதுகில்.

"எடுத்துரணுமாம்லா?" என்றார் பெருமாயி அக்கா.

தலையாட்டினேன்.

"எடுத்துரு தாயி."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவியளுக்கு வாயால சொன்னா ஏறாது. நா ஒரு வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன். ரேசன் கார்டுல அவ பேரை அடிச்சாக. பேசாம இருந்தேன். அவ வச்ச முருங்கைய வெட்டுனாக. பேசாம இருந்தேன். இந்தப் படமும் போச்சுன்னா அவ வாசப்படி மிதிக்க வழியே இல்ல. பிள்ளைக்கு இப்பம் ஏழாம் மாசம். தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டுல பாக்கணுமா வேண்டாமா?"

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"சொல்ல விட்டாத்தான? ஆனா அவிய எதுக்கு மசிவாகன்னு எனக்குத் தெரியும். கோணலைக் கண்டா அவியளுக்குச் சோறு எறங்காது. தோசை ஓரம் கோணிருந்தா திருப்பிப் போடச் சொல்லுத ஆளு." அக்கா படத்தில் கணவர் தலைமேல் விரலை வைத்தார். "இவியள மவ பக்கமாக் கொஞ்சம் சாச்சிரு."

"சாய்க்கவா?"

"ரொம்ப வேண்டாம். பாசமாச் சாஞ்ச மாதிரி. அதுக்கப்புறம் அவளை எடு. எடுத்தா என்ன ஆகும்? ஒண்ணுமில்லாத எடத்துல சாஞ்சு உக்காந்திருப்பாக. அதைப் பாத்துட்டு அவியளால வீட்டுல இருக்க முடியாது."

"உங்களையும் சாய்க்கணுமா?"

"நா முந்தியே சாஞ்சுதான தாயி இருக்கேன்."

பொய் சொல்லச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"பழசு ஞாபகம் இருக்காதா அவங்களுக்கு?"

"தாயி, காலையில அவிய போட்டுக்கிட்டு வந்த சட்டையப் பாத்தியா?"

"வெள்ளைக் கோடு போட்ட சட்டை."

"மருமவன் செல்வகணேஷ் வெட்டுனது. மவ தச்சது. பஸ்சுல குடுத்து விடுவா. கழுத்துல இருக்க லேபிளைப் பிரிச்சிட்டு, எட்டயபுரம் கடையில வாங்குனேன்னு சொல்லிக் குடுப்பேன். இதோட மூணாவது சட்டை. இதுவரைக்கும் எரியல."

படத்தை ஸ்கேன் செய்துவிட்டு மஞ்சள் பைக்குள்ளேயே திருப்பிக் கொடுத்தேன். அது அக்காவிடமே இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

ஒருவரைச் சாய்ப்பது குச்சியைத் திருப்புவது போல இல்லை. போட்டோஷாப்பில் ஒன்றைத் திருப்பப் போனால் அதன் நடுவில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி வரும். அதை ஊன்றித்தான் எல்லாம் சுற்றும். புள்ளியை நடுவில் விட்டுவிட்டால் ஆள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுவார். முதலில் அப்படித்தான் விழுந்தார். புள்ளியை இடுப்புக்கு இழுத்து வைத்தேன். இரண்டு டிகிரியில் எதுவும் தெரியவில்லை. ஆறில் குடித்தவர் மாதிரி இருந்தார். நாலில் அப்பா மாதிரி இருந்தார். நாலு என்று அடித்து எண்டர் தட்டினேன்.

பிறகு அவளை எடுத்தேன். முகம், தாவணி, பின்னல். எல்லாம் போன பிறகும் நாற்காலி முதுகில் நாலு விரல்கள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தேன். கொம்பையா அண்ணன் சொன்னது சரிதான். ஆளைப் பொறுத்தது. எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி அதே கோடு போட்ட சட்டையில். படத்தைத் திறக்கப் போனேன்.

"இரு."

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மானிட்டர் தலையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"மேசையே மட்டம் இல்ல. இதுல எப்படி பாப்பா வேலை பாக்க?"

குனிந்து, வீணான லேபிள் அட்டைகளை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தார். மறுபடி வைத்தார். இன்னொரு அட்டை. மறுபடி. ஏழு தீப்பெட்டி லேபிள்களுக்குப் பிறகு குமிழி நடுவில் வந்து நின்றது.

"இப்பம் காட்டு."

காட்டினேன்.

முதலில் அவர் மகள் இருந்த இடத்தைத்தான் பார்த்தார். நீலத் திரை. எடுத்த இடம் தெரியவில்லை. தலையை ஆட்டினார். அப்புறம் தன்னைப் பார்த்தார்.

"என்னது இது?"

"என்னங்க?" என்றார் அக்கா.

"நா சாஞ்சிருக்கேன்."

"ஆமா. சாஞ்சிருக்கீக."

"நீயும் சாஞ்சிருக்க."

"ஆமா. நானும் சாஞ்சிருக்கேன்."

"ரெண்டு பேரும் எதுமேல சாஞ்சிருக்கோம்?"

"அதை எடுத்தாச்சுல்லா?"

அண்ணாச்சி திரைக்கு வெகு அருகே போனார். "உத்தரத்தை உருவுன மாதிரில்லா இருக்கு. ரெண்டு செவரும் எப்பம் விழுமோன்னு."

"நாகலாபுரத்துக்காரக வந்து பாத்தா, வீட்டைக் கட்டுன கொத்தனாரே கோணலா இருக்காருன்னு நெனைப்பாக."

"ஏட்டி, நீ செத்த சும்மா இரு. பாப்பா, என்னைய நிமித்து."

இதற்கு அக்காவிடம் திட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். கண்ணாலேயே 'நிமித்து' என்றார். நாலு டிகிரியைத் திருப்பி எடுத்தேன். உண்மையான மாடக்கண்ணு அண்ணாச்சி, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபடியே, வந்து நின்றார்.

அவர் முகம் சுருங்கியது.

"இது யாரு?"

"நீங்கதான்."

"இப்படியா இருப்பேன்? கட்டை மாதிரி இருக்கேன்."

"கட்டை மாதிரிதான் இருக்கீக," என்றார் அக்கா. "பக்கத்துல ஒரு ஆளும் இல்லாம, பரமக்குடி பஸ்சுக்கு உக்காந்திருக்க மாதிரி."

"ஸ்டுடியோவுல நா இப்படியா உக்காந்திருந்தேன்?"

"எனக்கென்ன தெரியும்? அன்னைக்கு உங்க காதுக்கிட்டக் குனிஞ்சு அவதான் என்னமோ சொன்னா. நீங்களும் சாஞ்சு கேட்டீகள்லா?"

அண்ணாச்சி ரசமட்டத்தை மானிட்டரில் எடுத்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அக்கா விடவில்லை.

"மறந்துட்டீகளா?"

"மறக்கல."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல."

"நாகலாபுரத்துக்காரக கேட்டா மூத்த மவ, புதியம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்குன்னு சொல்லுங்க."

"நானா கட்டிக் குடுத்தேன்?"

"அவளாக் கட்டிக்கிட்டா. கட்டுனது கட்டுனதுதான? ஒங்க குடோனு மாதிரி அனுமதி வாங்காமக் கட்டிட்டா. இடிச்சா போடுவீக?"

"ஏட்டி!"

பக்கத்துக் கடையில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. கொம்பையா அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அண்ணாச்சி ரசமட்டத்தைப் பைக்குள் போட்டார்.

"நாளைக்கு வாரேன் பாப்பா. அதுக்குள்ள பிரிண்டு போட்டுறாத. எந்தப் படத்தையும் போட்டுறாத."

முன்னால் போய்விட்டார். அக்கா வாசலில் செருப்பை மாட்டும் சாக்கில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பாதிச் சுவர் எழும்பிவிட்ட சிரிப்பு. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். எப்போதும்வென்றான் பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான்.

வியாழக்கிழமை அண்ணாச்சி தனியாக வந்தார்.

"பாப்பா, எங்க வீட்டுக்காரி கொண்டாந்த படத்தை நீ மெஷினுல வச்சு எடுத்தேல்லா? அதைக் காட்டு. கை வைக்கிறதுக்கு முந்தி இருந்ததை."

அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் மேல் பழி போட்டால் அந்த வருஷங்களில் எல்லாரும் நம்புவார்கள். எனக்கு அதற்கும் வாய் வரவில்லை. திறந்தேன்.

ஆவுடைத்தாய் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு வருஷம் கழித்து அவர் அவளை நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்து, திரையில் தன் முதுகுத்தண்டு இருக்கும் இடத்தில் செங்குத்தாக நிறுத்தினார்.

"நேரா இருக்கேன்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாய்க்கச் சொன்னாளா?"

தலையாட்டினேன்.

"எத்தனை?"

"நாலு டிகிரி."

உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "பத்தடிச் செவத்துக்கு எட்டங்குலம். நிக்காது. விழுந்துரும்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"நீ என்ன செய்வ? அவ சொன்னா நானே செய்வேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "சட்டையும் அப்படித்தான்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்கு வலத்தோள் ஒரு அங்குலம் எறக்கம். சாந்துச் சட்டி தூக்குன தோளு. எந்தக் கடையில சட்டை எடுத்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும். முதச் சட்டைய எட்டயபுரத்துல வாங்குனேன்னு குடுத்தா. போட்டேன். தோளுல மட்டமா உக்காந்துச்சு. எட்டயபுரத்துக் கடைக்காரனுக்கு என் தோளு எப்படித் தெரியும்?" கோடு போட்ட சட்டையின் தோள் தையலை விரலால் தடவினார். "ஒண்ணும் கேக்கல. போட்டுக்கிட்டேன்."

கொம்பையா அண்ணன் அந்தப் பக்கம் யாருக்கோ 'செத்த பொறுங்க' என்றார்.

"அன்னைக்கு ஸ்டுடியோவுல அவ என் காதுக்கிட்டக் குனிஞ்சது நெசம் பாப்பா. 'யப்பா, இங்கன சாஞ்சு கேளுங்களேன், ஒண்ணு சொல்லணும்'ன்னா. போட்டோக்காரன் ஆடாதீகன்னு சத்தம் போட்டான். நா ஆடல. அப்புறம் வீட்டுல வச்சுக் கேப்போம்னு இருந்தேன். மறுநா கான்கிரீட் வேலை. மறந்துபோச்சு." ரசமட்டத்தைத் தொடைமேல் வைத்து உருட்டினார். "என்ன சொல்ல வந்தான்னு இன்னைய வரைக்கும் தெரியாது."

ரசமட்டத்தை மேஜையில் வைத்தார்.

"அது முழுகாம இருக்குன்னு காதுல விழுந்துச்சு. எத்தனாவது மாசம்னு எங்க வீட்டுக்காரி உங்கிட்டச் சொன்னாளா?"

"ஏழு."

"ஏழு," என்று திருப்பிச் சொன்னார். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "நா கண்டுபிடிச்சது எங்க வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா சாகுறவரைக்கும் எகத்தாளம் பேசுவா. அவ ஏமாத்துனது ஏமாத்துனதாவே இருக்கட்டும்."

"சரி அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைக்கு எந்தப் படம்?"

"பிள்ளை இருக்கட்டும். அது நின்ன எடத்துல நிக்கட்டும். விரலு ஒண்ணு கூட கொறையக் கூடாது." எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னைய மட்டும் சாச்சிரு."

அவரைச் சுற்றிக் கோடு போட்டேன். வட்டப் புள்ளியை இடுப்புக்கு இழுத்து வைத்தேன். நாலு என்று அடித்தேன். திரையில் அவர் மெல்ல மகள் பக்கம் போனார். அவர் காதுக்கும் அவள் வாய்க்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"இன்னும் ஒண்ணு."

நாலை அழித்துவிட்டு அஞ்சு என்று அடித்தேன்.

"இப்பம் எதை அமுக்கணும்?"

எண்டர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். சிமெண்டில் வெடித்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அவரே அமுக்கினார்.